"வாங்க" என்று சொன்னவர்கள்
உறுப்பினரும் தொண்டூழியரும் சேர்ந்த கதை

பொன்விழா மலர் கையில் கிடைத்ததும் நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது பழைய படங்களைத்தான். முன்வரிசையில் நாற்காலி போட்டுச் செயலவையினர் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பெயர் இடமிருந்து வலமாக ஒழுங்காக அச்சாகியிருக்கும். பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களுக்குப் பல படங்களில் பெயரே இருக்காது. வீட்டில் பெரியவர் யாராவது விரலை வைத்து, "இது உங்க அத்தா, அப்ப மீசைகூட முளைக்கலே" என்று சொன்னால்தான் தெரியும்.

சங்கத்தின் வரலாற்றை எழுதும்போது நாம் முன்வரிசையின் வரலாற்றையே எழுதுகிறோம். யார் தலைவர், யார் செயலாளர், எந்த ஆண்டு எந்தக் கட்டடம் என்று எழுதுகிறோம். அந்தப் பின்வரிசை எப்படி வந்து நின்றது, யார் கூப்பிட்டார், வந்த முதல் நாள் என்ன வேலை கொடுத்தார் என்று யாரும் எழுதுவதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து முன்வரிசையில் உட்காரப் போகிறவர்கள் அந்தப் பின்வரிசையிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் சில அமைப்புகள் புதியவர்களை எப்படி அழைத்தன, வந்தவர்களை எப்படி வைத்துக்கொண்டன என்று பார்ப்போம். இவற்றில் சில வெறும் பொழுதுபோக்குக்காகத் தொடங்கியவை. ஆனால் அவற்றிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கடிதம் எழுதிச் சேர்ந்த சங்கம்

1934ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மூவார் ஆற்றங்கரையில் சுல்தான் இப்ராஹிம் ஜாமிஉப் பள்ளிவாசல் கட்டி முடித்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆற்றின் மேல் பாலம் இல்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுத்துறையில் காத்திருக்க வேண்டும். தொலைபேசி பெரிய வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டும்தான். ஆனால் தபால் மட்டும் ஊருக்கு ஊர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆண்டில் பினாங்கிலிருந்து வெளிவந்த 'சவுதாரா' என்ற மலாய்ப் பத்திரிகை பேனா நண்பர்களுக்கென்று ஒரு பக்கத்தைத் தொடங்கியது. 1928இல் இந்தப் பத்திரிகையை ஆரம்பித்தவர் சையத் ஷேக் அல்ஹாதி. சீர்திருத்தக் கருத்துள்ள மார்க்க அறிஞரான அவர் 1934 பிப்ரவரியில் காலமானார். பேனா நண்பர் பக்கத்தை நடத்தியவர் அரிபின் இஸ்ஹாக். வாசகர்களுக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது, 'பாக் டொல்லா' என்றுதான் தெரியும். நம் வீடுகளில் 'டொல்லா மாமா' என்று சொல்வது போன்ற பெயர் அது.

அந்தப் பக்கம் முதலில் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. கடிதம் எழுதும் ஆசை உள்ளவர் தம் பெயரை அனுப்பலாம், முகம் தெரியாத இன்னொரு ஊர்க்காரரோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கட்டடம் வேண்டாம், பெரிய சந்தா வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். எழுதத் தெரிந்திருந்து, தபால்தலைக்குக் காசு இருந்தால் போதும். சிறுவர்களுக்கான பக்கத்தில் கொஞ்ச காலத்திலேயே பள்ளி ஆசிரியர்களும் அலுவலகக் குமாஸ்தாக்களும் பெயர் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தைப்பிங்கில் கூட்டம் போட்டுப் பத்திரிகையிலிருந்து தனியாகப் பிரிந்து ஒரு சங்கமாகவே அமைத்துக்கொண்டார்கள். 'பெர்சவுதாராஆன் சஹாபாட் பேனா' என்பது பெயர், பேனா நண்பர்களின் சகோதரத்துவம் என்பது பொருள். சுருக்கமாகப் 'பாஸ்பாம்' என்றார்கள். பினாங்கைச் சேர்ந்த எஸ்.எம். ஜைனல் ஆபிதீன் அதன் தலைவராக விளங்கினார்.

சில ஆண்டுகளில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. மலாயாவின் ஒவ்வொரு மாநிலமும் வேறு வேறு ஆட்சியில் இருந்த காலம் அது. ஜொகூர்க்காரர் பேராக்காரரை வெளியூர்க்காரராகவே நினைத்த காலம். அப்போது எல்லா மாநிலத்து மலாய்க்காரர்களையும் ஒரே பட்டியலில் சேர்த்த முதல் பெரிய அமைப்பு இந்தக் கடித நண்பர் சங்கம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அரசியல் கட்சிகள் அதற்குப் பின்னால்தான் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே மூவார் ஆற்றங்கரையில் போர் நடந்தது. அந்தப் போர்க்காலத்தோடு சங்கத்தின் கதையும் முடிந்தது. ஆனால் எழுதப் பழகியவர்களும் கூட்டம் நடத்தப் பழகியவர்களும் போருக்குப் பின்னும் இருந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பாக் டொல்லா "மலாய் இனத்தை ஒன்று சேர்ப்போம், வாருங்கள்" என்று அழைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அவர் "கடிதம் எழுதப் பிடிக்குமா, பெயர் கொடு" என்றுதான் அழைத்தார். வருகிறவருக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு காரியத்தை வாசலாக வைத்தார். பெரிய நோக்கம் உள்ளே வந்த பிறகு தானாக வளர்ந்தது.

வாசலில் எழுதியிருந்தது என்ன?

இதே காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அதையும் மறக்கக்கூடாது.

1926இல் சிங்கப்பூரில் 'கெசத்துவான் மெலாயு சிங்காப்பூரா' என்ற சங்கம் தோன்றியது. அதுவரை சிங்கப்பூர் முஸ்லிம்களின் சார்பில் பேசியவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த அரபு வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும்தான். தங்கள் குரல் கேட்கவில்லை என்ற மனக்குறை மலாய்க்காரர்களுக்கு இருந்தது. ஆகவே உறுப்பினராக வருகிறவர் மலாய்க்காரராக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1930களின் இறுதியில் பினாங்குப் பத்திரிகைகளிலும் "யார் மலாய்க்காரர்?" என்ற வாக்குவாதம் சூடாக நடந்தது. அரபு வம்சாவளியினரை 'டி.கே.ஏ.' என்றும் இந்திய வம்சாவளி முஸ்லிம்களை 'டி.கே.கே.' என்றும் சுருக்கெழுத்தால் குறிப்பிட்டு எழுதினார்கள்.

நம் முன்னோர் அந்த எழுத்துகளைப் பத்திரிகையில் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. தொழுகையில் ஒரே வரிசையில் நிற்பவர் சங்கப் படிவத்தில் வேறு வரிசைக்குப் போகிறார். ஆனால் இதை யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்டோம் என்ற மனக்குறையில் பிறந்த சங்கமும் ஒரு கோடு கிழித்தாக வேண்டியிருந்தது என்பதே இங்கே பாடம். நாமும் கோடு கிழித்தவர்கள்தான். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, வீட்டில் தமிழ் பேசுகிறார்களா மலாய் பேசுகிறார்களா என்று நாம் கேட்காததா? ஒரு சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் உள்ள ஒரு வரி பல வீடுகளின் கதவை மூடிவிடும். படிவத்தில் இல்லாவிட்டாலும் முகத்தில் எழுதியிருந்தால் வருகிறவர் அதைப் படித்துவிடுவார்.

கதை எழுதப் பழக்கியவர்கள்

தமிழர் பக்கத்துக்கு வருவோம். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', போருக்குப் பிறகு 1950-51 காலத்தில் 'கதை வகுப்பு' என்ற ஒன்றை நடத்தியது. நடத்தியவர்கள் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரும். பத்திரிகையிலேயே பாடம் வரும். படிப்பவர்கள் பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும். தோட்டத்திலும் பட்டணத்திலும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் விளக்கு வைத்துக்கொண்டு எழுதி அனுப்பியவர்கள் அதில் உண்டு. மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதும் எவரும் இந்த வகுப்பைச் சொல்லாமல் தாண்டுவதில்லை.

இதில் என்ன சிறப்பு? "எழுத்தாளர்கள் தேவை" என்று விளம்பரம் போடுவது ஒரு வழி. அதைப் பார்த்து ஏற்கெனவே எழுத்தாளரானவர்தான் வருவார், ஆசை மட்டும் உள்ளவர் தயங்கி நிற்பார். "கதை எழுத ஆசையா, நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்பது வேறு வழி. தெரியாதவரும் வரலாம் என்று அது சொல்கிறது. நம் சங்கங்களில் "பொறுப்பெடுக்க ஆளில்லை" என்று சொல்கிறோமே, பொறுப்பை எப்படிச் செய்வது என்று யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? கூட்டக் குறிப்பு எழுதுவது, கணக்கு வைப்பது, மண்டபத்துக்கு மனு எழுதுவது, ஐந்நூறு பேர் விருந்துக்கு அரிசி அளவு சொல்வது எல்லாமே ஒரு வகுப்பாக நடத்தக்கூடிய கலைகள்தான்.

சிங்கப்பூரில் 1935 ஜூலையில் 'தமிழ் முரசு' தொடங்கியது. அதை வளர்த்த கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர். முதலில் ஒரு காசு விலையில் வாரப் பத்திரிகையாக வந்து, 1937 டிசம்பரில் நாளிதழானது. 1950களின் தொடக்கத்தில் இந்தப் பத்திரிகை மாணவர்களுக்காக 'மாணவர் மணிமன்றம்' கண்டது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கட்டுரையையும் கவிதையையும் அனுப்பினார்கள். தம் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அந்தப் பத்திரிகையைத் தெருவெல்லாம் காட்டியிருக்கும். மலாயாவின் ஊர்களிலும் மணிமன்றங்கள் ஏற்பட்டன. பிள்ளைகள் ஒன்றுகூடிப் பேசிப் பழகினார்கள், எழுதிப் பழகினார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் சங்கப் பொறுப்பாளராகவும் பெயர் எடுத்த பலர் இந்த மன்றத்தில் தொடங்கியவர்கள். மாணவர்கள் வளர்ந்து இளைஞர்களானதும் மன்றமும் அவர்களோடு வளர்ந்தது. இன்றும் மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்ற பெயரில் கிளைகளும் அவற்றுக்கொரு பேரவையும் இருக்கின்றன. உறுப்பினருக்கு வயது ஏறும்போது சங்கமும் தன் வாசலை மாற்றிக்கொண்டது என்பதுதான் இதில் நான் கண்ட பாடம்.

ஆளுக்கு ஒரு வெள்ளி

சாரங்கபாணியைப் பற்றி இன்னொன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. அந்தத் துறைக்குத் தமிழ் நூல்கள் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். நாலு செல்வந்தர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் அந்தப் பணம் சீக்கிரம் சேர்ந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் "அந்த நூலகத்தில் என் வெள்ளியும் இருக்கிறது" என்று சொல்லியிருக்க முடியாது.

இது பணத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. தொண்டுக்கும் பொருந்தும். ஒருவரிடம் ஆண்டு முழுவதும் உழைக்கும்படி கேட்டால் அவர் பயந்து ஒதுங்குவார். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மணி நேரம்தானே" என்று வருவார். வந்தவர் மறுபடி வருவதும் வராததும் அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் அவரை எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தது.

ஓர் ஊர்க்காரர் சங்கம், எல்லோருக்கும் பள்ளிக்கூடம்

தமிழ் முஸ்லிம் சங்கங்களுக்குள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கூடி வாழ்ந்தார்கள். ஆண்கள் பலர் துறைமுக வேலைக்குப் போனார்கள், பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். போர் முடிந்து 1946இல் அந்தச் சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் கண்டது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அது ஓர் ஊர்க்காரர்கள் கட்டிய பள்ளி, ஆனால் ஓர் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளியாக அது நிற்கவில்லை. 1960இல் அங்கே உயர்நிலை வகுப்பும் தொடங்கியது. சிங்கப்பூரில் தமிழில் உயர்நிலைக் கல்வி வேண்டும் என்று தேடியவர்களுக்கு அந்தப் பள்ளிதான் இருந்தது. காலம் மாறிப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனதால் 1982இல் அது மூடப்பட்டது. ஆனாலும் உமறுப் புலவர் பெயர் போகவில்லை. அரசாங்கம் அமைத்த தமிழ் மொழி நிலையத்துக்கு அந்தப் பெயரே வந்தது. சிறிய சங்கம் தன் ஊரை மறக்காமலே தன் வாசலை அகலமாக வைத்தது. அதனால் அந்தச் சங்கம் வைத்த பெயர் பள்ளி மூடிய பின்னும் நிலைத்துவிட்டது.

இரண்டு முதல் நாள்கள்

வரலாற்றோடு என் சொந்தக் கதையும் கொஞ்சம்.

இளைஞனாக இருந்தபோது வேறோர் ஊரில் வேலை கிடைத்துப் போயிருந்தேன். அங்கே ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு நானாகவே போனேன். அந்தச் சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஏதாவது உதவி செய்யலாம் என்ற நல்ல எண்ணத்தோடுதான் போனேன். வாசலில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "யாரு வீட்டுப் பையன்?" என்றார். சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. "சரி, உக்காரு" என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்குள் பேசினார்கள், சிரித்தார்கள், பழைய சண்டை ஒன்றைப் புதுப்பித்தார்கள். பசியாற அழைத்தார்கள், தட்டை வாங்கிக்கொண்டு தனியாக நின்று சாப்பிட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர்களும் "இளைஞர்கள் வருவதில்லை" என்று தீர்மானம் போட்டிருக்கக்கூடும்.

பிறகு இங்கே மூவாரில் ஒரு நோன்பு மாதம். அஸருக்குப் பிறகு கஞ்சி காய்ச்சும் இடத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, பேரு என்ன?" என்றார். பிறகு கரண்டியை என் கையில் கொடுத்து, "அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே இரு, நான் வெங்காயம் பாத்துட்டு வர்றேன்" என்று போய்விட்டார். அரை மணி நேரம் வியர்வை ஒழுகக் கிண்டினேன். அவர் திரும்பி வந்து ருசி பார்த்துவிட்டு, அங்கிருந்தவர்களிடம் என் பெயரைச் சொல்லி, "இன்னிக்குக் கஞ்சி இவரு கைப் பக்குவம்" என்றார். மறுநாள் யாரும் கூப்பிடாமலே நான் போனேன். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

முதல் சங்கத்தார் கெட்டவர்கள் அல்லர். புதிதாக வந்தவனுக்கு நாற்காலி கொடுப்பதே மரியாதை என்று நினைத்தார்கள். கஞ்சி காய்ச்சிய பெரியவருக்கு வேறொன்று தெரிந்திருந்தது. நாற்காலி கிடைத்தவன் விருந்தாளி, கரண்டி கிடைத்தவன் வீட்டுக்காரன். அவர் செய்தவை மூன்றுதான். பெயரைக் கேட்டார், செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தார், நாலு பேர் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் பாக் டொல்லா செய்ததும் மாணவர் மணிமன்றம் செய்ததும் இதுவேதான். பெயரைக் கேட்டார்கள், எழுதச் சொன்னார்கள், அச்சில் போட்டார்கள்.

அடுத்த ஐம்பதுக்கு

நம் நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் ஏழு பேர் கூடினாலே அதைச் சங்கம் என்கிறது. தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். ஐம்பது ஆண்டு நிற்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நம் நிலைமை நமக்குத் தெரியும். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கோலாலம்பூர், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். பெருநாளைக்கு வருகிறார்கள், விருந்தில் மண்டபம் நிறைகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்றோ கோரம் சேரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சமுதாயப் பற்று இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. அதே பிள்ளைகள் காற்பந்துக் குழுவுக்கும், மோட்டார் சைக்கிள் பயணத்துக்கும், படம் பிடிப்பதற்கும், வெள்ள நிவாரணத்துக்கும் தூக்கத்தை விட்டு ஓடுகிறார்கள். அவர்களுக்குத் தொண்டு பிடிக்காமல் இல்லை, நம் வாசல்தான் அவர்கள் கண்ணில் படவில்லை.

படம் பிடிக்கும் பிள்ளையிடம் இந்த மலரில் உள்ளது போன்ற பழைய படங்களைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லலாம். சமையலில் ஆர்வமுள்ள பெண்பிள்ளைகள் நன்னிமாரிடம் கேட்டுப் பழைய பலகாரங்களை எழுதி வைக்கலாம். வெளியூரில் இருப்பவர் அங்கிருந்தபடியே கணக்குப் பார்க்கலாம், கடிதம் தயாரிக்கலாம். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை வந்தால் மலாயில் எழுதட்டும், கூட இருப்பவர் தமிழில் மாற்றட்டும். பெரியவர்கள் பதவியை விட்டு இறங்கும் முன்னால் ஓர் ஆண்டாவது அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கட்டும். கதை வகுப்பு நடத்தியவர்கள் தங்களைவிட நன்றாக எழுதுகிறவன் வந்துவிடுவானோ என்று பயந்திருந்தால் வகுப்பே நடந்திருக்காது.

வருகிறவர் எல்லோரும் தங்கமாட்டார்கள். அதுவும் பரவாயில்லை. பாஸ்பாம் ஏழெட்டு ஆண்டுதான் வாழ்ந்தது. ஆனால் அதில் பெயர் கொடுத்த பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை வேறு இடங்களுக்குக் கொண்டு போனார்கள். நம் வாசலில் வந்து அரை மணி நேரம் கரண்டி பிடித்தவன் நாளை வேறோர் ஊரில் வேறொரு அண்டாவைக் கிளறினாலும் அந்த நன்மையில் நமக்கும் பங்கு உண்டு.

இந்த மலரை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பக்கத்துப் படங்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். பின்வரிசையில் நிற்பவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் அவர் பெயரைப் படத்தின் கீழே பேனாவால் எழுதி வையுங்கள். முடிந்தால் அவரை அன்று யார் அழைத்து வந்தார் என்றும் கேட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரை அடுத்த நிகழ்ச்சிக்கு அழைத்து வாருங்கள். வாசலில் யாராவது நின்று பெயரைக் கேட்பார்கள், கையில் ஒரு வேலையைக் கொடுப்பார்கள். இன்ஷா அல்லாஹ், நூற்றாண்டு மலரில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படத்தை வேறு யாரோ விரல் வைத்துக் காட்டுவார்கள்.